நான் அடித்தேன், ஜெலால் வெளியே போனார்

"யார் அடித்தது?" என்று பொலிஸ்காரர் கேட்டார்.

மைதானத்தின் நடுவில் நின்றிருந்தோம். புல் கிடையாது. செங்கல்லை இடித்துக் கொட்டியதுபோலச் சிவந்த சாம்பல் மண். தூறல் விழுந்து அது களியாகி எங்கள் சப்பாத்துகளில் அப்பியிருந்தது. எதிரணியின் பின்கள ஆட்டக்காரன் ஒருவன் தரையில் குந்தியிருந்து துவாயால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அவனுடைய முன்பற்கள் இரண்டு அந்த மண்ணுக்குள் எங்கோ கிடந்தன.

என் வலது கை வீங்கத் தொடங்கியிருந்தது. நடுவிரல் மொளியில் பல் கிழித்த காயம். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். மத்தியஸ்தர் எதையும் பார்க்கவில்லை. அந்த நேரம் அவர் மறுபக்கம் திரும்பி யாரோடோ வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்.

"யார்?" பொலிஸ்காரர் இரண்டாம் முறை கேட்டார்.

"நான்" என்றார் ஜெலால்.

ஜெலால் எங்கள் அணித் தலைவர். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் முன்னே நீட்டினார். அந்தக் கைகளில் ஒரு கீறலும் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

"இவரா?" என்று காயப்பட்டவனிடம் கேட்டார்கள். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஜெலால் துருக்கியர். என்னைவிட ஒரு சாண் உயரம், கோதுமை நிறம். நான் யாழ்ப்பாணத்தான், நல்ல கறுப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது மீசை மட்டும்தான். அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"இவன்தான்" என்று ஜெலாலைக் காட்டினான்.

எழுபது நிமிடம் என்னோடு தோள் இடித்து ஓடியவன். என் முகத்தில் துப்பியவன். அவனுக்கு என் முகம் தெரியவில்லை. மீசை வைத்த வெளிநாட்டான் யாராக இருந்தாலும் அவனுக்குச் சரிதான். அந்தக் கேவலம்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

ஏன் இவ்வளவு காலம் எழுதவில்லை

இந்தத் தொடரில் கோவில் கட்டிய கதை எழுதினேன். கடை போட்டுக் கவிழ்ந்த கதையையும் எழுதினேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க விமானம் ஏறிய கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுதினேன். போன மாதம் ஒரு வாசகர் தொலைபேசியில் பிடித்தார். "நீங்கள் துருக்கிக்காரரின்ர கழகத்தில விளையாடினனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். அதை ஏன் காணும் இன்னும் எழுதேல்லை?"

எழுதாததற்குக் காரணம் வெட்கம். இன்றைக்கு எழுத வைப்பது கோபம். யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பட்டியலே இருக்கிறது. அதில் என் பெயரும் உண்டு.

ஷோனெஃபெல்டில் வந்து இறங்கி, கிழக்கு பெர்லினிலிருந்து ரயிலில் மேற்கே மாறி, கடைசியில் டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்து அகதி விடுதிக்கு என்னை அனுப்பினார்கள். ஹைம் என்போம். ஒரு அறைக்கு ஆறு பேர். வேலை செய்ய அனுமதியில்லை. மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதியில்லை. மூன்று வருடம் போனது, நான்கு போனது. என் அகதி விண்ணப்பம் எந்த மேசையில் தூங்குகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஹைமுக்குப் பின்னால் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் சிவப்பு மண் மைதானம். அங்கே துருக்கிக்காரர்கள் பயிற்சி செய்வார்கள். நானும் என் அறைத் தோழர் குணம் அண்ணையும் கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டு பார்ப்போம். ஊரில் நான் பாடசாலை அணியில் இடது முனையில் ஓடியவன். குணம் அண்ணை நடுக்களம்.

ஒரு நாள் உயரமான ஒருவர் வேலியடிக்கு வந்தார். எங்கள் கால்களைப் பார்த்தார். பிறகு முகங்களைப் பார்த்தார்.

"பார்க்கிறதெண்டா காசு. விளையாடுறதெண்டா சும்மா" என்றார்.

அவர் பேசியதும் உடைந்த ஜெர்மன், எங்களுடையதும் உடைந்த ஜெர்மன். அந்தப் பேச்சை எனக்குத் தெரிந்த எங்கட தமிழிலேயே இங்கே எழுதுகிறேன்.

அதுதான் ஜெலால். உருக்காலைத் தொழிலாளி. எல்லோரும் அவரை 'அபி' என்றார்கள். துருக்கி மொழியில் அண்ணன். நாங்களும் ஜெலால் அபி என்றோம். அடுத்த கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் பழைய சப்பாத்து கொண்டுவந்தார். என்னுடையது ஒரு அளவு பெரிது. முன்னுக்குத் துருக்கிப் பேப்பரைக் கசக்கி வைத்துக்கொண்டு ஓடினேன்.

தாஷ்தெரே

எங்கள் கழகத்தின் பெயர் தாஷ்தெரே ஸ்போர். ஜேர்மனியில் ஒரு துருக்கிச் சிற்றூரின் பெயர். அதன் கதையை ஜெலால் அபி உடைமாற்றும் அறையில் துண்டு துண்டாகச் சொல்வார். தோற்ற நாட்களில் நீளமாகச் சொல்வார்.

தாஷ்தெரே கருங்கடல் பக்கத்தில் மலைக்கும் ஆற்றுக்கும் இடையில் ஒடுங்கிய ஊர். கொட்டைப் பருப்புத் தோட்டம்தான் அங்கே பிழைப்பு. ஒரு பள்ளி ஆசிரியரும் ஒரு இறைச்சிக் கடைக்காரரும் சேர்ந்து அங்கே கழகத்தைத் தொடங்கினார்கள். பச்சை ஜேர்சி. சாயம் போட்டது உள்ளூர்ச் சாயக்காரன். மழையில் விளையாடினால் பதினொரு பேரின் நெஞ்சும் பச்சையாகிவிடும். கழுவினாலும் ஒரு கிழமைக்குப் போகாது. ஞாயிறு யார் விளையாடினான் என்பதைப் புதன்கிழமை குளிக்கும் இடத்தில் பார்த்துச் சொல்லலாம் என்பார் அபி.

மைதானம் ஆற்றங்கரையில். கொஞ்சம் பலமாக ஒரு உதை உதைத்தால் பந்து ஆற்றோடு போய்விடும். அதற்காகவே கீழே ஒரு மீனவனைப் படகோடு நிறுத்தியிருப்பார்களாம். ஒரு வெள்ளத்தில் கோல் கம்பங்களே போய்விட்டன. மூன்று ஊர் தாண்டிக் கடற்கரையில் கண்டெடுத்து, தோளில் சுமந்து கொண்டுவந்து திரும்ப நட்டார்கள்.

அந்தக் கழகம் படிப்படியாக ஏறி, பெரிய நகரத்து அணிகளோடு மோதும் அளவுக்கு வந்தது. வந்ததுதான் வினை. பெரிய நகரம் அவர்களின் மூன்று நல்ல ஆட்டக்காரர்களைத் தூக்கிக்கொண்டு போனது. பிறகு கட்டடக் குத்தகைக்காரர் ஒருவர் தலைவராக வந்தார். ஆற்றங்கரை மைதானத்தில் மாடி வீடுகள் எழுந்தன. கழகத்துக்கு மலைமேல் ஒரு மேட்டு நிலம் கிடைத்தது. யாரும் ஏறிப் போகவில்லை. கழகம் செத்தது.

ஜெலால் அபிக்கு அந்தக் கழகத்தில் பதினேழு வயதில் இடம் கிடைத்தது, மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் உட்கார. ஒரு பருவம் முழுக்க வாங்கில் இருந்துவிட்டு ஜேர்மனிக்கு வந்தார். உருக்காலையில் தன் ஊர்க்காரர்களைச் சேர்த்து, அதே பெயரில், அதே பச்சையில் ஒரு கழகம் தொடங்கினார். தாய்க்கழகம் மூடிய செய்தி வந்த ஞாயிறு, இங்கே எல்லோரும் கையில் கறுப்புத் துணி கட்டி விளையாடினார்களாம். மத்தியஸ்தர் யார் செத்தது என்று கேட்டிருக்கிறார். "ஒரு கழகம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் சிரித்தாராம்.

"அந்தச் சிரிப்பை நான் மறக்கேல்லை" என்பார் அபி.

கழகத்தில் அவர் தலைவர் இல்லை. செயலாளரும் இல்லை. அவருக்கு ஜெர்மன் எழுத்து வராது. கடிதங்களையெல்லாம் அவருடைய ஊர்க்காரர், கூட வந்த ஹம்தி பார்த்துக்கொண்டார். அபி அணித் தலைவர். சனிக்கிழமைகளில் சிறுவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அதற்கென்று வாய்மொழியாகப் பரீட்சை கொடுத்து, மூன்றாம் தடவையில் பாஸ் பண்ணிப் பயிற்றுநர் அனுமதி வாங்கியிருந்தார். அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவார்.

அந்த ஞாயிறு

வெளிநாட்டவரை வெறுத்த கும்பல்கள் ஹைம்களுக்கு நெருப்பு வைத்த காலம் அது. எங்கே, எப்போது என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் மாடிப்படியில் வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தோம். குழந்தைகளைச் சப்பாத்தோடு தூங்க வைத்தார்கள்.

அந்த ஞாயிறு வெளிமைதானத்தில் ஆட்டம். என்னைத் தடுக்க நின்ற பின்களக்காரன் முதல் நிமிடத்திலிருந்தே வாயைத் திறந்தான். எனக்கு அந்த வசை எல்லாம் பழக்கம். துப்பினான். அதையும் துடைத்துக்கொண்டேன். மத்தியஸ்தரிடம் ஜெலால் அபி இரண்டு தரம் போய்ச் சொன்னார். "விளையாட்டைப் பார்" என்று அவர் கையை வீசினார்.

எழுபதாவது நிமிடம். பந்து வெளியே போயிருந்தது. அவன் என் காதருகே குனிந்து நான் எந்த ஹைம் என்று கேட்டான். அவனுக்கே பதில் தெரியும். எங்கள் மைதானத்துக்குப் பக்கத்து ஹைம். பெருவிரலால் லைட்டர் தட்டுவதுபோல் காட்டினான். ஒரு தரம். இரண்டு தரம். வாயால் 'ஃபூ' என்று ஊதினான்.

நான் என்ன நினைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. கை போனதுதான் ஞாபகம்.

பிறகு எல்லோரும் ஓடிவந்தார்கள், தள்ளுமுள்ளு, யாரோ பொலிசைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

திரும்பும் வழியில் வான் வண்டிக்குள் குணம் அண்ணை ஈர ஜேர்சியால் என் கையைச் சுற்றினார். ஜெலால் அபியிடம் பொலிசில் வாக்குமூலம் எழுதி எடுத்துக்கொண்டு போகவிட்டிருந்தார்கள். முன் ஆசனத்திலிருந்து திரும்பிக் கேட்டார்.

"உன்ர அகதி விசாரணைத் திகதி எப்ப?"

"வாற மாதம், அபி."

"அப்ப வாயை மூடு. உனக்கு வழக்கு வந்தா நேரே விமானத்தில ஏத்துவாங்கள். எனக்கு இங்க வேலை இருக்கு, வீடு இருக்கு, விசா இருக்கு. ஏசுவாங்கள், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

வழக்கு வந்தது. தண்டனை எழுதினார்கள். அந்த வருடம் அவர் கொடுத்திருந்த ஜேர்மன் குடியுரிமை விண்ணப்பம் அந்தத் தண்டனையால் திரும்பி வந்தது. சட்டைப் பையில் வைத்திருந்த அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். கடைசியில், உதைபந்தாட்டச் சங்கம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்துவிட்டது என்றும், அதனால் கழகத்திலிருந்து நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் கேள்விப்பட்டோம். அப்போது கழகத்துக்குச் சொந்தமாக ஒரு புல் மைதானம் கிடைக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

எனக்கு அகதி உரிமை கிடைத்தது.

டோர்ட்மண்டில் ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து அங்கே போனேன். ரயிலில் இருபது நிமிடம். கழகத்துக்குத் திரும்பிப் போகவில்லை. கல்யாணம், பிள்ளைகள், வீடு, கடைசியில் ஜேர்மன் கடவுச்சீட்டு. ஒரு தடவை சனிச் சந்தையில் தக்காளிக் கடையடியில் ஜெலால் அபியைக் கண்டேன். அவர் என்னைக் காணவில்லை. நான் அடுத்த வரிசையால் திரும்பிப் போய்விட்டேன். என் மூத்தவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். "ஏன் அப்பா ஓடுறீங்கள்?" என்று அவள் கேட்டாள்.

ஐம்பதாம் ஆண்டு மலர்

இந்த வருடம் வசந்தத்தில் எர்ஜான் என்பவன் தொலைபேசி எடுத்தான். இப்போதைய கழகத் தலைவன். நாற்பத்தைந்து வயதிருக்கும். செயலாளர் ஹம்தியின் மகன்.

"ஷிவா அபி, கழகத்துக்கு ஐம்பது வருஷம். மலர் போடுறம். எங்கட தமிழ் நண்பர்கள் எண்டு ஒரு பக்கம் வைக்கிறம். நீங்கள் ஒரு படமும் நாலு வரியும் தாங்கோ."

மலரின் வரைவையும் அனுப்பினான். வாசித்தேன். நிறுவனர் என்று ஹம்தியின் படம் முழுப் பக்கத்துக்கு இருந்தது. ஜெலால் என்ற பெயரைத் தேடினேன். இல்லை. கடைசியில் ஒரு பந்தியில் இப்படி இருந்தது: அன்றைய அணித் தலைவர் ஒருவரின் வன்முறையால் கழகம் தலைகுனிய நேர்ந்தது. வாழ்நாள் தடை பெற்ற அவரை நீக்கிய பின், ஒழுக்கத்தின் வழியில் கழகம் புதிதாக எழுந்தது.

ஒழுக்கத்தின் வழி! அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் எனக்குத் தலை வெடித்தது.

குணம் அண்ணை இன்றைக்கும் அந்தக் கழகத்தில் உறுப்பினர். முதியோர் அணிக்கு அவர்தான் பொறுப்பு. பழைய படம் தேடுகிறோம் என்று சொல்லி அவரோடு கழகக் கட்டடத்தின் நிலவறைக்குப் போனேன். அலமாரி நிறையக் கோப்புகள். ஈரம் பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. இரண்டு மணித்தியாலம் தும்மிக்கொண்டே தேடினோம்.

"சிவா, இஞ்ச வா" என்றார் குணம் அண்ணை. அவருடைய குரல் மாறியிருந்தது. "இதை வாசி. நான் பிழையா வாசிக்கிறன் போல."

அவர் பிழையாக வாசிக்கவில்லை. உதைபந்தாட்டச் சங்கம் கழகத்துக்கு எழுதிய கடிதம். அணித் தலைவர் ஜெலாலுக்குத் தடை. காலம் பன்னிரண்டு மாதங்கள்.

பன்னிரண்டு மாதங்கள்.

அதன் பின்னால் குத்தியிருந்தது நிர்வாகக் கூட்டக் குறிப்பு. புதிய மைதானம் கிடைக்க வேண்டிய நேரத்தில் கழகத்தின் பெயர் கெடக்கூடாது. ஆகவே அவரை நிரந்தரமாக நீக்குவது. ஹம்தியின் கையெழுத்து. அப்படிச் செய்யச் சொல்லி வெளியிலிருந்து யாரும் கேட்டதாக அதில் ஒரு வரியும் இல்லை. அவர்களாகவே பயந்து, அவர்களாகவே அவரைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

குணம் அண்ணை கோப்பை மூடிவிட்டு அந்தக் குளிர்ந்த தரையில் அப்படியே இருந்துவிட்டார்.

"நாசமாப் போவாங்கள்" என்றார்.

எர்ஜான் சொன்ன பதில்

கடிதத்தின் படியை எர்ஜானின் முன்னால் வைத்தேன். அவன் வாசித்தான். முகம் வெளுத்தது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"அபி, அப்பா செத்து மூண்டு வருஷம். இப்ப ஏன் கிண்டுறீங்கள்? மலர் அச்சுக்குப் போட்டுது. விழாவுக்கு மேயர் வாறார்."

"உன்ர அப்பாவை இழுக்க நான் வரேல்லை. அந்தப் பந்தியை எடு. ஜெலாலின்ர பேரைப் போடு."

"அவர் ஒருத்தன்ர பல்லை உடைச்சவர்தானே. அது பொய்யில்லையே."

"அது பொய். அடிச்சது நான்."

முப்பது வருடத்துக்கு மேல் என் வாயிலிருந்து வராத சொல். எர்ஜான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப ஷிவா அபி" என்றான் மெல்ல, "அப்பா ஒரு கடிதத்தை ஒளிச்சவர். நீங்கள் ஆளையே ஒளிச்சிருக்கிறியள். எனக்கு மட்டும் ஏன் சத்தம் போடுறீங்கள்?"

அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அவன் சொன்னது சரி என்பதால்தான் அப்படி இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"முப்பது வருஷம் ஒரு வீட்டில இருக்கிறம். எனக்கும் சொல்லேல்லை?"

"வெட்கமா இருந்தது."

"என்னட்டச் சொல்ல வெட்கப்பட்டியள், சரி. அந்த மனுசனைப் போய்ப் பார்க்கவும் வெட்கமோ? முதல்ல அங்க போங்கோ. பேந்து மற்றவையோட சண்டை பிடிக்கலாம்."

போவதற்கு முன் நான் இன்னொரு வேலை செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டேன், இதை இப்போது சொன்னால் எனக்கு ஏதாவது வருமா என்று. இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒன்றும் வராது என்றார். அதைக் கேட்டதும் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பு.

இருபது நிமிடம்

ஜெலால் அபி அதே வீட்டில்தான் இருக்கிறார். மூன்றாம் மாடி. எழுபதைத் தாண்டிவிட்டார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. மனைவி இறந்துவிட்டார். கதவைத் திறந்ததும் என்னை யாரென்று தெரிந்துகொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

படிக்கட்டில் நின்றபடியே கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"இன்னொருக்கா வாசி" என்றார். வாசித்தேன். "இன்னொருக்கா."

மூன்றாம் தடவை வாசித்து முடித்ததும் அவர் கேட்டார்: "பன்னிரண்டு மாதமா? பன்னிரண்டு வருஷமில்லையே?"

"மாதம், அபி."

"ஹம்தி என்ர வீட்டு மேசையில இருந்துதான் இதை வாசிச்சவன். துருக்கியில சொன்னவன், சாகும் வரைக்கும் எண்டு. சொல்லிப்போட்டு அழுதவன். நான்தான் அவனுக்குத் தண்ணி குடுத்தனான்." மூச்சு வாங்கினார். "அடுத்த வருஷமே நான் திரும்பியிருக்கலாம். சின்னப் பிள்ளையளைத் திரும்பப் பழக்கியிருக்கலாம். நான் சனிக்கிழமையில அந்தத் தெருவாலயே போறதில்லை, தெரியுமா? பந்துச் சத்தம் கேக்கும் எண்டு."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ எங்க இருந்தனி?"

"டோர்ட்மண்டில."

"எவ்வளவு தூரம்?"

"ரயிலில இருபது நிமிஷம்."

"முப்பது வருஷத்தில உனக்கு ஒரு இருபது நிமிஷம் கிடைக்கேல்லை."

நான் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"நீ அடிச்சதுக்கு எனக்குக் கோவமில்லை. அவனுக்கு அது காணாது. நான் 'நான்' எண்டு சொன்னதுக்கும் கோவமில்லை. அதை நானாத்தான் சொன்னனான். ஆனா உனக்குப் பேப்பர் கிடைச்ச நாள் நீ வந்து சொல்லுவாய் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். 'அபி, கிடைச்சிட்டுது' எண்டு ஒரு சொல். நீ இருக்கிறியா, செத்தியா, அனுப்பிப்போட்டாங்களா எண்டுகூட எனக்குத் தெரியாது. அதைக் குணத்திட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சுகொண்டன்."

குணம் அண்ணை அவரை இவ்வளவு காலமும் பார்த்து வந்திருக்கிறார். அதை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"போ" என்றார் ஜெலால் அபி. கதவைச் சாத்தினார்.

கை தூக்கியவர்கள்

கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் குணம் அண்ணை ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஜெலாலின் நீக்கம் செல்லாது என்று கழகம் அறிவிக்க வேண்டும். நான் உறுப்பினன் இல்லை. பேச அனுமதி கேட்டேன். எர்ஜானுக்கு விருப்பமில்லை. பின் வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். "ஜெலால் அபிதான் எனக்குப் பந்தை நிறுத்தப் பழக்கினவர். இந்த மனுசன் கதைக்கட்டும்" என்றாள்.

கதைத்தேன். அலங்காரம் இல்லை. ஹைம், லைட்டர், பல், 'நான்' என்ற ஒரு சொல், பிறகு நான் மறைந்து திரிந்தது. அறுபது பேர் இருந்தார்கள். இளம் ஆட்டக்காரர்கள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டார்கள். பழைய நிர்வாகத்தில் இருந்த ஒரு கிழவர் எழுந்து, அன்றைக்கு நிலைமை அப்படி, மைதானம் கிடைத்திருக்காது என்றார்.

"அந்தப் புல்லில நிண்டு சந்தோசமா விளையாடினியளோ?" என்று குணம் அண்ணை கத்தினார். நாற்பது வருடப் பழக்கத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வாக்கெடுத்தார்கள். முதலில் இளையவர்களின் கைகள் எழுந்தன. பிறகு ஒவ்வொன்றாக மற்றவை. எர்ஜான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவனும் தூக்கினான். கிழவர் தூக்கவில்லை.

நீக்கம் செல்லாது, உறுப்புரிமை தொடக்கத்திலிருந்தே முறியவில்லை, அவரை விழாவுக்கு மதிப்புக்குரியவராக அழைக்கிறோம் என்று கடிதம் எழுதினார்கள். அச்சை நிறுத்தி மலரின் அந்தப் பந்தியையும் மாற்றினார்கள். கடிதத்தை நானும் குணம் அண்ணையும் கொண்டுபோனோம்.

ஜெலால் அபி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் ஊர்ந்தது. கடிதம் பார்க்க ஹம்தி இல்லாமல் போன பிறகு வேறு வழியில்லாமல் ஜெர்மன் வாசிக்கவும் எழுதவும் பழகியிருந்தார். வாசித்து முடித்து, பேனை எடுத்து, வெள்ளைத் தாளில் மெதுவாக எழுதத் தொடங்கினார். கால் மணித்தியாலம் எழுதினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"விழாவில இதை வாசி. நான் வரமாட்டன்."

விழா மண்டபத்தில் பச்சைத் தோரணம், மேயர், வாத்தியம். என் முறை வந்தபோது நான் ஒலிவாங்கியில் அந்தத் தாளை மட்டும் வாசித்தேன். இவ்வளவுதான் அதில் இருந்தது:

'நான் ஜெலால். இந்தக் கழகத்தைத் தொடங்கியவன். என்னை யாரும் நீக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நன்றி. இன்று நானாகவே விலகுகிறேன்.'

யாரும் கை தட்டவில்லை. எர்ஜான் எழுந்து வந்து தாளை வாங்கிக்கொண்டான். வாத்தியக்காரர்கள் தொடங்குவதா விடுவதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்த மௌனம் பிடித்திருந்தது. அது நீளட்டும் என்று மேடையிலேயே நின்றேன்.

இரண்டு நாள் கழித்து ரயில் ஏறினேன். மூன்றாம் மாடி. மணி அடித்தேன். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"வாசிச்சியா?"

"வாசிச்சன், அபி."

"என்ன சொன்னவை?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"நல்லது." அவர் கதவு நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்கு உன்னில இன்னும் கோவம்தான்."

"தெரியும்."

"சாகும் வரைக்கும் இருக்கும்."

"ஓம், அபி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக விலகினார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வா" என்றார்.